மூச்சுத்திணறல்: எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் வீட்டில் இருப்பவர்கள் முடிவெடுக்க உதவுவதற்காக எழுதப்பட்டவை. நோயாளியை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் முடிவுக்கு இவை மாற்றாகா. உங்கள் அருகில் ஒருவர் இப்போதே பேச முடியாமல் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதற்கும் பயப்பட வேண்டுமா?

ஏறும்போது மூச்சு வாங்கி, நின்ற ஓரிரு நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பினால், பெரும்பாலும் அது உடற்பயிற்சிக் குறைவையோ உடல் எடையையோ காட்டுவதாக இருக்கும். பார்க்க வேண்டியது மாற்றத்தைத்தான். சென்ற மாதம் வரை மலைக்கோயில் படிகளில் நிற்காமல் ஏறியவர் இப்போது பத்துப் படிக்கு ஒருமுறை உட்காருகிறார் என்றால், அவருடைய வயது எதுவாக இருந்தாலும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘வயதாகிவிட்டது’ என்பது பல ஆண்டுகளில் மெல்ல வரும் தளர்ச்சிக்குப் பொருந்தலாமே தவிர, ஒரு மாதத்தில் வந்த மூச்சுவாங்கலுக்குப் பொருந்தாது.

எவ்வளவு விரைவாக வந்ததோ அவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ தொடங்கிய திணறலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவே ஏற்ற இடம். சில நாள்களாகக் கூடிவருவதை அன்றே காட்ட வேண்டும். மாதக்கணக்கில் இருப்பதற்கு மருத்துவரிடம் முன்பதிவு செய்துகொண்டு போகலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகள் எவை?

சத்தத்தை வைத்து முடிவு செய்யாமல், அந்த மனிதரால் எதைச் செய்ய முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சை இழுப்பவர், தண்ணீர் குடிக்க முடியாதவர், படுக்க முடியாமல் கைகளை முன்னால் ஊன்றி உட்கார்ந்தே இருப்பவர் ஆகிய மூவரும் ஆபத்தில் இருக்கிறார்கள். கழுத்துத் தசைகள் புடைத்து, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுக்கப்பட்டால், உடல் தன் கடைசி வலிமையைச் செலவழித்து மூச்சு விடுகிறது என்று பொருள். உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சில் பாரம், புதிதாக வந்த குழப்பமான பேச்சு, அரைமயக்கம், இருமலில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் நீலம் எளிதில் தெரியாது. ஆகவே உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். ஓய்விலும் அது 30ஐத் தொட்டால் அவசர நிலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெடுநேரம் திணறிய ஒருவர் திடீரென அமைதியாகி, இளைப்புச் சத்தமும் நின்று, கண் சொருகினால், ‘தூங்குகிறார், சற்றுத் தேவலை’ என்று வீட்டார் நிம்மதி அடைவதுண்டு. உண்மையில் அது களைத்துப்போன தசைகள் கைவிடும் நேரம். மூச்சு நிற்பதற்குச் சற்று முந்தைய கட்டமாக அது இருக்கலாம்.

இரவு இரண்டு மணிக்குத் திணறல் வந்தால் விடியும்வரை காத்திருக்கலாமா?

மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூச்சு தொடர்பான பல நோய்கள் இரவின் பின்பகுதியில்தான் முற்றுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய்கள் இயல்பாகவே விடியற்காலையில் கூடுதலாகச் சுருங்குகின்றன. இதயம் பலவீனமானவர்களுக்குப் படுத்த நிலையில் நுரையீரலில் நீர் தேங்குகிறது. குழந்தைகளின் தொண்டை வீக்கமும் நள்ளிரவில்தான் கூடுகிறது. ஆகவே ‘விடியட்டும்’ என்று ஒத்திப்போடும் அந்த நான்கு மணி நேரம், நோய் மிகக் கடுமையாக இருக்கும் நான்கு மணி நேரமாகவே அமைந்துவிடுகிறது. வீட்டிலுள்ள மூத்தவர்கள் பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணித் தாங்களே ‘விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அந்தச் சொல்லை ஏற்காதீர்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் இழப்பது ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சற்று முன்னால் சாய்ந்து, மேசை மீதோ தலையணை மீதோ கைகளை ஊன்றிக்கொள்ளச் செய்யுங்கள். கழுத்து, மார்பு, இடுப்புப் பகுதிகளில் உடையைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி, சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போடுங்கள். முகத்தில் காற்றுப் படுவதே சிலருக்குத் தவிப்பைக் குறைக்கும். சோடா, காப்பி, கஷாயம் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். திணறுபவர் விழுங்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நினைவு தவறி, ஆனால் மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்தத் தொடங்க வேண்டும்.

இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து அழைத்துச் செல்லும் வழக்கத்தைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். 108 சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி இயங்குகிறது. வண்டியிலேயே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் இருப்பார்கள். எந்த வண்டியும் உரிய நேரத்தில் வராத ஊராக இருந்தால், ஆட்டோவோ காரோ கிடைத்ததில் உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுசெல்லுங்கள்.

ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது. அப்படியானால் பயமில்லை அல்லவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும், 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா அலைகளில் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்த இந்தக் கருவி பயனுள்ளதுதான். ஆனால் அது இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த அளவைக் காப்பாற்ற உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அது சொல்லாது. ஆஸ்துமா தாக்குதலின் தொடக்கத்தில், இரத்தசோகையில், மாரடைப்பில், சர்க்கரை மிகக் கூடி இரத்தம் அமிலமாகும் நிலையில் எண் இயல்பாகவே இருக்கலாம். புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவரின் விரலில் இக்கருவி நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது; நம் மக்களில் பெரும்பாலானோர் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது. கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, எண் நிலைத்த பிறகு பாருங்கள். 94க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரிடமும், 90க்குக் கீழே போனால் உடனே அவசரப் பிரிவுக்கும் செல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை இருப்பதே மருத்துவர் வகுத்த இலக்காக இருக்கலாம். அவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட எண்ணையே பின்பற்ற வேண்டும். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளை நம்புங்கள்.

குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

உறுதியாக அறிய முடியாது. ஆனால் சந்தேகிக்க முடியும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இது: பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுமையான காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும் என்பதால், காய்ச்சல் இறங்கிய பின் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒருநாளைக் கடத்தக் கூடாது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிந்தால், மூக்குத்துளைகள் விரிந்தால், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகல் கேட்டால், பாலோ தண்ணீரோ குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், எண்ணிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். பச்சிளங்குழந்தை சில வினாடிகள் மூச்சை நிறுத்தி மீண்டும் விடுவது இயல்பு. அந்த இடைவெளி 20 வினாடியைத் தொட்டாலோ, அதற்குள் குழந்தை நீலம் பாரித்தாலோ இயல்பில்லை.

நாய் குரைப்பது போன்ற இருமலும் கரகரத்த குரலும் தொண்டை வீக்கத்தின் அடையாளங்கள். குழந்தை சும்மா இருக்கும்போதே உள்ளிழுக்கும் மூச்சில் கூவல் போன்ற ஒலி வந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் காய்ச்சலுடன் எச்சில் விழுங்க முடியாமல் வடித்துக்கொண்டு, கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாயில் கரண்டி விட்டுத் தொண்டையைப் பார்க்கவே கூடாது. அந்தத் தூண்டலாலேயே வழி முழுவதும் அடைத்துக்கொள்ளலாம். இத்தகைய தொண்டை நோயை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தவணை தவறவிட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் சளி வெளியேறும் என்கிறார்களே?

இதைச் செய்யாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெயில் ஒரு பகுதி நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, எண்ணெயால் வரும் நிமோனியாவை உண்டாக்கும். வாயால் ஊதும்போது பெரியவர்களின் கிருமிகளும் உடன் செல்கின்றன. ‘தொக்கம்’ எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையின் தொண்டையிலும் வயிற்றிலும் குழாய் வைத்து உறிஞ்சுவதோ, வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை எடுப்பதோ இதே வகையைச் சேர்ந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமும் அது கலந்த களிம்புகளும் வேண்டாம். அடைத்த மூக்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஆவி பிடிக்க வைத்திருந்த வெந்நீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதைத் தீக்காயப் பிரிவுகளில் பணியாற்றுவோர் நன்கு அறிவார்கள்.

தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்றால்?

வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, நாணயம், பொம்மையின் பட்டன் பேட்டரி போன்றவையே பெரும்பாலும் சிக்குகின்றன. இருமவும் அழவும் முடிந்தால், இருமிக்கொண்டே இருக்க விட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குரலே எழாமல், இருமவும் முடியாமல் போனால் அங்கேயே செயல்பட வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்டவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பயனில்லையெனில் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றுக்குப் பதில் மார்பெலும்பின் மீது அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டும், திருப்பி மார்பின் நடுவில் இரு விரல்களால் ஐந்து அழுத்தமும் தர வேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போகும்.

புரையேறி இருமிய குழந்தை சற்று நேரத்தில் விளையாடத் தொடங்கிவிட்டாலும், அடுத்த நாள்களில் இருமலோ இளைப்போ தொடர்ந்தால் ‘கடலை சாப்பிடும்போது புரையேறியது’ என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரிதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு வந்தால் இன்ஹேலரை எத்தனை முறை எடுக்கலாம்?

மருத்துவர் உங்களுக்கென எழுதிக் கொடுத்த திட்டம் இருந்தால் அதுவே முதன்மையானது. இல்லாத நிலையில் பொதுவான முதலுதவி இது. உட்கார வைத்து, உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வழியாக ஒரு தடவை அழுத்தி நான்கு மூச்சு எடுக்கச் செய்யுங்கள். இப்படி நான்கு அழுத்தம் கொடுத்து நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லையெனில் மீண்டும் நான்கு. அப்போதும் குறையவில்லையெனில் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். ஒரே மூச்சில் பல தடவை அழுத்துவதால் மருந்து தொண்டையில்தான் படியும்.

இன்ஹேலர் போட்ட பிறகு குறைந்து, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் திரும்பவும் இளைப்பு வந்தால் அதுவும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இந்த நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இரவில் இளைப்பால் விழித்தாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். முன்பு ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே புறப்பட வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது உண்மையா?

உண்மையில்லை, இந்த நம்பிக்கை உயிர்களைப் பறித்திருக்கிறது. இன்ஹேலரில் உள்ள மருந்தின் அளவு, மாத்திரையில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அச்சப்பட வேண்டியது எதற்கென்றால், அன்றாடம் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு, உடனடி நிவாரணம் தரும் ஒன்றை மட்டும் நம்பி வாழ்வதற்கு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலத்தில் இன்ஹேலரை ஒளித்துவைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களிடம் கோபப்படுவதைவிட, நோயை மறைக்கலாம், மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல்வதே பயன்தரும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. ஏன்?

இதயத்தின் விசை குறைந்தவர்களிடம் காணும் முக்கியமான அடையாளம் இது. படுக்கும்போது காலில் தேங்கிய நீர் மேலேறி நுரையீரலில் சேர்கிறது. ஒரு தலையணை போதுமாக இருந்தவர் மூன்று வைத்துக்கொள்கிறார். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து சன்னலோரம் போய் நிற்கிறார். மாலையில் செருப்பு வார் காலில் பதிகிறது. இவை சேர்ந்து வந்தால் அடுத்த நாளே இதயப் பரிசோதனை தேவை. ஏற்கெனவே இதய நோய்க்கு மருந்து எடுப்பவரின் எடை மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், அது சதையில்லை, நீர். மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் அது அவசர நிலை.

நெஞ்சு வலியே இல்லை. ஆனால் திடீரென மூச்சு வாங்கி வியர்க்கிறது. மாரடைப்பாக இருக்குமா?

இருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரிடம் மாரடைப்பு வலியின்றி மூச்சுத்திணறலாகவே தொடங்கக்கூடும். ‘வாயுத் தொல்லை’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். இசிஜி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு உடனே செல்லுங்கள்.

அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பிரசவம், நெடுநாள் படுக்கை, நீண்ட விமானப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் சில வாரங்களுக்குள் திடீர்த் திணறல் வந்தால், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது அதற்கு முன்னறிவிப்பு.

கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்குவது இயல்புதானே?

ஓரளவு இயல்பு. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாங்குவதும், படுக்க முடியாததும், படபடப்பும், முகமும் கையும் வீங்கித் தலைவலிப்பதும் இயல்பில்லை. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கிய கடும் இரத்தசோகை, இரத்த அழுத்தம், சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சலால் சுருங்கிப்போன இதய வால்வு ஆகியவை பெரும்பாலும் கர்ப்பத்தில்தான் முதல்முறையாக வெளிப்படுகின்றன. பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதம் முதல் பிந்தைய ஐந்து மாதங்கள்வரை இதயத் தசையே பலவீனமாகும் ஒரு நோயும் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோருடைய கண்ணும் குழந்தை மீது இருக்கும்போது, தாய் இரவில் உட்கார்ந்தே தூங்குவதை ஒருவராவது கவனிக்க வேண்டும்.

நுரையீரல், இதயம் இரண்டும் நன்றாக இருப்பவருக்கும் மூச்சு நிற்கும் ஆபத்து வருமா?

வரும். கிராமங்களில் முதலில் நினைக்க வேண்டியது பாம்புக்கடி. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைத் தீண்டும். வலியும் தடமும் மிகக் குறைவு. காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்கல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று வளர்ந்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நல்ல பாம்பின் நஞ்சும் இவ்வாறே தாக்கும். இமை தொங்கத் தொடங்கியவரை மந்திரிக்கவோ பச்சிலைக்கோ கொண்டுபோகாமல், நஞ்சுமுறி மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

பூச்சிக்கொல்லி உடலில் ஏறியவருக்கு எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், நெஞ்சில் சளி கொட்டும். உடையைக் களைந்து, சோப்பால் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தேனீ கொட்டியபின், இறால் சாப்பிட்டபின், ஊசி போட்டபின் சில நிமிடங்களில் தடிப்பும் உதட்டு வீக்கமும் திணறலும் வந்தால், தொடைத் தசையில் போடும் அட்ரீனலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. ஒவ்வாமை மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

கழிவுநீர்த் தொட்டியிலோ பாழுங்கிணற்றிலோ இறங்கியவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றுவதற்காக யாரும் உள்ளே இறங்காதீர்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் பலர் இறப்பது இப்படித்தான். 101ஐ அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழையுங்கள். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டுவதும், கரியடுப்பு மூட்டிவிட்டுத் தூங்குவதும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடால் உயிரைக் குடிக்கும்.

பதற்றத்தால் வரும் மூச்சடைப்பு என்று எப்படி உறுதி செய்வது?

முதல் தடவை வந்தால் வீட்டில் உறுதி செய்ய முடியாது. மருத்துவர்தான் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். ஏற்கெனவே பரிசோதித்துச் சொல்லப்பட்டவராக இருந்து, விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் மரமரப்பு, ‘செத்துவிடுவேன்’ என்ற அச்சம் ஆகியவற்றோடு வந்து, அரை மணி நேரத்துக்குள் தணிந்தால் பதற்றம் என்று கொள்ளலாம். அருகில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. ‘மனசுதான் காரணம்’ என்ற முத்திரை இளம் பெண்கள் மீது மிக எளிதாகக் குத்தப்படுகிறது. அவர்களில் சிலருக்குப் பின்னர் ஆஸ்துமாவோ இரத்தக்கட்டியோ கண்டறியப்படுவதுண்டு.

அவசரமில்லை, ஆனால் நெடுநாளாக இருக்கிறது. யாரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். பீடி, சிகரெட் பிடித்தவர்களும், பல ஆண்டுகள் விறகடுப்பின் முன் உட்கார்ந்த பெண்களும், பஞ்சாலை, கல்குவாரித் தொழிலாளர்களும் மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு. 1928இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் மருத்துவமனை இன்று அரசின் நெஞ்சக மருத்துவமனையாகவே இயங்குகிறது. போகிப் புகையும் தீபாவளிப் புகையும் சேரும் நாள்களுக்கு முன்பே மருந்து இருப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது எதை எடுத்துச் செல்வது, என்ன சொல்வது?

அருகிலுள்ள, 24 மணி நேரமும் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கே முதலில் போங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் தொலைவில் இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உயிராபத்தில் வருபவருக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எந்த மருத்துவரும் முதலில் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டவர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே முன்பணம் கையில் இல்லை என்பதற்காக வீட்டிலேயே தயங்கி நிற்க வேண்டாம். நோயாளி சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் அட்டைகள், இன்ஹேலர், பழைய இசிஜி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, படுக்க முடிந்ததா, காய்ச்சலோ நெஞ்சுவலியோ இருந்ததா, எந்த மருந்து ஒவ்வாது, வழியில் என்ன மருந்து எத்தனை முறை கொடுத்தீர்கள் என்ற ஐந்தையும் நோயாளியைப் பேச வைக்காமல் உடன் செல்பவரே சொல்ல வேண்டும்.